பரம்பரையாம், பரம்பரை!

எங்க வியாசர்பாடி தெருவுல ஒரு அத்தை. பீடி, சிகரெட் எதுவும் தொட்டதில்ல. நுரையீரல்ல கேன்சர்னு தெரிஞ்சதும் ஊரே 'பரம்பரை'ன்னு முடிவு கட்டிடுச்சு. பொண்ணுக்கு வந்த வரனும் பின்வாங்கிடுச்சு. மனசு ஆறாம கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன்.

மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்குங்க. 22 எழுத்து நீளம்தான். எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யணும்னு அடக்கி வைக்கிற மேஸ்திரி. 1993-ல இதைப் புழுவுல கண்டுபிடிச்ச ஆம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் 2024-லதான் நோபல் குடுத்தாங்க (சீக்கிரமே குடுத்துட்டாங்க போங்க!). இதுல மிர்-196ஏ2ங்கிற ஒண்ணோட ஜீன்ல, அப்பா வழி அம்மா வழி ரெண்டுலயும் 'டி'க்குப் பதிலா 'சி' இருந்தா நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடுதுன்னு 2009-ல சீனாவுல ஒரு ஆய்வு சொல்லிச்சு. எவ்வளவு? சுமார் 25 சதவீதம். சிகரெட் கூட்டுறது 15 மடங்குக்கும் மேல!

அந்த 'சி' என்ன அபூர்வமா? அடையார்லயும் ஏகப்பட்ட பேருக்கு இருக்கும். ஆனா கொடுங்கையூர் குப்பைமேடு எரிஞ்சா புகை எங்க மூக்குக்குத்தான் முதல்ல வருது. காற்று மாசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு அமைப்பு 2013-லயே சொல்லியாச்சு.

அத்தைக்கு எதனால வந்துச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது, என்னையும் சேர்த்து. ஆனா 'பரம்பரை'ன்னுட்டா புகையைப் பத்தி யாரும் யாரையும் கேக்க வேணாம் பாருங்க, வசதி.

அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் இதே புகையிலதான் இருக்காங்க. மூணு தெரு தள்ளி.