பேசுவது யார்?

பிரெஞ்சு படிக்கும் நண்பர்கள் ஒரே குறையை மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்: “சொல்லெல்லாம் தெரியுது, கட்டுரைதான் பிடிபட மாட்டேங்குது.” டெல்ஃப் தேர்வின் பி2 படியை எட்டியவர்கள் இவர்கள். செய்தியைச் சிரமமின்றிப் படிப்பார்கள், கதையையும் ஒருமாதிரி ஒப்பேற்றிவிடுவார்கள். ‘லு மோந்த்’ நாளிதழின் கருத்துப் பக்கத்துக்கு வந்ததும் கால் பின்னிக்கொள்கிறது. வகுப்பில் இதற்குக் கிடைப்பது இன்னொரு சொற்பட்டியல்.

பட்டியலால் தீராது. வாக்கியம் புரிந்துவிடுகிறது, அதைப் பேசுவது யார் என்பதில்தான் வழுக்குகிறார்கள்.

பிரான்சில் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தத்துவம் படித்தாக வேண்டும். பக்கலோரேயா தேர்வில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து ஒரே கேள்வியை இரண்டு பக்கமும் நின்று வாதாட வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு லிசேயில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே பாடம்தான். அந்தப் பழக்கம் பத்திரிகை எழுத்திலும் ஊறிக் கிடக்கிறது. எழுதுபவர் எதிராளியின் கட்சியை எடுத்து, அவரே சொல்லியிருந்தாலும் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டார் என்னும்படி விரித்துவிட்டுத்தான் தன் பக்கம் திரும்புவார். நமக்கு இது புதிதா என்ன? சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் முதலில் கடவுளை மறுக்கும் உலகாயதனைப் பேச விடுகிறார், மறுப்பு பிறகுதான். முன்பாதியோடு நூலை மூடிவைப்பவன் அவரை நாத்திகராக்கிவிடுவான்.

குரல் மாறும் இடத்தைக் காட்டிக் கொடுப்பவை சின்னச் சின்ன இடைச்சொற்கள். ‘செர்த்’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், ‘உண்மைதான்’ என்று எதிராளிக்கு ஒரு பிடி விட்டுக்கொடுக்கிறார், பின்னாலேயே ‘ஆனால்’ வரும் என்று பொருள். ‘ஸான் தூத்’தை உறுப்பு உறுப்பாகப் பிரித்தால் ‘ஐயமின்றி’ என்று வரும். வழக்கிலோ அது ‘இருக்கலாம்’ என்ற அளவுக்குத் தேய்ந்துபோனது, அதுவும் விட்டுக்கொடுப்பின் அடையாளம்தான். ‘ஒர்’ இன்னும் பொல்லாதது. அதுவரை சொன்னதைத் திருப்பிப்போடும் செய்தியைக் கொண்டுவரும் சொல் அது. ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சுக்குப் போன நம்மவர் கண்ணுக்கு ‘அல்லது’ என்று தெரியும், அத்தோடு வாதமே தலைகீழாகிவிடும். வினைச்சொல்லிலும் ஒரு கண் வைக்க வேண்டும். ‘அமைச்சர் விலகினார்’ என்பதற்கும் ‘விலகினாராம்’ என்பதற்கும் உள்ள தூரத்தைப் பிரெஞ்சுச் செய்தியாளர் வினைவடிவத்தை மாற்றியே காட்டிவிடுவார். ‘ஆம்’ விகுதியோடு வளர்ந்த பிள்ளைக்கு இதை ஆங்கிலத்தில் அரை மணி நேரம் விளக்குகிற கொடுமை நம் வகுப்புகளில் மட்டும்தான் நடக்கும்.

பயிற்சிக்கு ஒரு நல்ல கட்டு இருக்கிறது. 2018 ஜனவரியில், ஹாலிவுட் தயாரிப்பாளர் வைன்ஸ்டீன் மீதான பாலியல் புகார்கள் வெடித்துச் சில மாதங்களில், நடிகை கத்ரீன் தனவ் உட்பட நூறு பெண்கள் கையெழுத்திட்ட கட்டுரை ‘லு மோந்த்’தில் வந்தது. வன்புணர்வு குற்றம் என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டு, அடுத்த வரியிலேயே ‘ஆனால்’ போட்டு, ஆண்கள் வலிந்து நெருங்கும் சுதந்திரத்துக்கு வாதாடும் கட்டுரை அது. மறுநாளே கரோலின் த ஆஸும் வேறு பெண்ணியவாதிகளும் சேர்ந்து எழுதிய மறுப்பு பிரான்ஸ் ஆன்ஃபோ தளத்தில் வந்தது. சில நாட்களில் தனவின் கடிதம் ‘லிபராசியோன்’ இதழில். ‘மன்னிப்புக் கேட்டார்’ என்று உலகமெல்லாம் தலைப்புப் போட்டார்கள். கடிதத்தைப் படித்தால், கட்டுரையால் புண்பட்டிருக்கக்கூடிய பாதிக்கப்பட்ட பெண்களிடம் மட்டுமே மன்னிப்பு. போட்ட கையெழுத்தை அவர் திரும்பப் பெறவில்லை, உடன் கையெழுத்திட்ட சிலர் பிறகு பேசியதிலிருந்து விலகியும் நிற்கிறார். கூர்ந்து படிப்பவருக்கும் தலைப்பை மேய்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்றையும் ஒருசேர வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் இது யார் கருத்து என்று பென்சிலால் குறிக்க வேண்டும். ஆசிரியருடையதா, எதிராளியுடையதா, ஊரார் பேச்சா. அகராதி அப்புறம். குறித்து முடித்தபின் ஆசிரியரின் கட்சியை ஐந்து வரித் தமிழில் எழுதிப் பார்க்கலாம். எழுத வரவில்லை என்றால் எந்த இடத்தில் பிடி நழுவியது என்று ஓரக் குறிப்பே சொல்லும். புதிதாகப் பத்துக் கட்டுரைகளை ஓட்டுவதைவிட இந்த மூன்றை மூன்று முறை படிப்பது மேல். தேர்வுக்குப் போகிறவர்களுக்கும் பயன் உண்டு. டெல்ஃப் பி2 வாசிப்புத் தாளின் ஒரு மணி நேரத்தில், 25 மதிப்பெண்ணில் ஒரு பங்கு, எது யாருடைய கருத்து என்று பொருத்துவதற்கே போகிறது.

மொழி வகுப்பின் கவலைக்குத் தலையங்கம் எதற்கு என்று கேட்கலாம். 1982இல் விமர்சகர் தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ நூல் வந்த பின் நம் சிற்றிதழ்களில் பிரெஞ்சுப் பெயர்கள் தாராளமாகப் புழங்கின, பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக. பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த்தின் சின்னஞ்சிறு கட்டுரை ஒன்றிலிருந்து ‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்ற முடிவு மட்டும் கழன்று வந்து கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கியது. பார்த் யாரோடு மல்லுக்கு நின்றார் என்று கேட்டவர்கள் குறைவு. சோர்போன் பேராசிரியர் ரேமோன் பிகார் 1965இல் பார்த்தைத் தாக்கி ஒரு நூலே எழுதினார், அடுத்த ஆண்டே பார்த் பதில் நூல் எழுதினார். அந்தச் சண்டை தெரியாமல் முடிவை மட்டும் வாங்கி வந்ததில் நம் இதழ்கள் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு.

ஆகவே, பிரெஞ்சிலிருந்து வாதக் கட்டுரைகளை மொழிபெயர்த்து அனுப்பும் நண்பர்களிடம் இனி அதற்கு எழுந்த மறுப்பையும் சேர்த்தே கேட்கப்போகிறோம். பக்கம் கூடும். சந்தாவை இப்போதைக்கு உயர்த்துவதாக இல்லை.