பிரஷர் மாத்திரையும் வெளியே சொல்லாத பிரச்சினையும்

1/ ஒழுங்கா பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர் திடீர்னு நிறுத்திடுவார். காரணம் கேட்டா "தலை சுத்துது டாக்டர்" என்பார். தனியா உட்கார வச்சுக் கேட்டாதான் உண்மை வரும்: "வீட்டம்மாகூட சேர முடியல சார்." இதைப் பத்தி வெளிப்படையா பேசுவோம்.

2/ இது வெறும் கற்பனை இல்லை. சில மருந்துகள் ஆசையையோ விறைப்பையோ விந்து வெளியேறுவதையோ பாதிக்கலாம். பிரஷருக்கு அட்டெனலால், ஹைட்ரோகுளோரோதயசைடு. மனச்சோர்வுக்கு எஸ்சிடலோப்ராம், செர்ட்ரலின். முடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டெரைடு. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின்.

3/ எல்லாருக்கும் வராது. வந்தாலும் வழி இருக்கு. அம்லோடிபின், எனலாப்ரில், லோசார்டன் எல்லாம் பொதுவா இந்தத் தொந்தரவு தருவதில்லை. யாருக்கு எது பொருந்தும்னு பார்த்து மாத்தலாம்.

4/ மாத்திரை மேல மட்டும் பழி போடவும் கூடாது. சுகர், பிரஷர், பீடி சிகரெட் இவையே ரத்தக்குழாயைக் கெடுக்கும். ஆணுறுப்புக்குப் போற குழாய் இதயக் குழாயைவிடச் சின்னது. அதனால கோளாறு முதல்ல அங்கே தெரியலாம். அது இதயத்துக்கான எச்சரிக்கை மணி.

5/ மனசுக்கும் பங்கு உண்டு. 2003-ல் ஐரோப்பிய இதயவியல் இதழில் வந்த ஆய்வு: 96 ஆண்களுக்கு அட்டெனலால். என்ன மருந்துன்னே தெரியாதவர்களில் சுமார் 3% பேருக்கு விறைப்புப் பிரச்சினை. பெயர் மட்டும் தெரிந்தவர்களில் 16%. பக்கவிளைவும் தெரிந்தவர்களில் 31%.

6/ "அப்ப சொல்லாமலே விட்டுடலாமே?" கூடாது. நாங்க சொல்லலைன்னா யூடியூப் சொல்லும், பயமுறுத்திச் சொல்லும். "சிலருக்கு வரலாம், வந்தா மாத்தித் தர்றேன்" - இப்படிச் சேர்த்துச் சொல்லணும்.

7/ 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலமா மாத்திரை வீட்டுக்கே வருது. அருமையான திட்டம். ஆனா கொண்டு வர்றது பெரும்பாலும் பக்கத்துத் தெரு தன்னார்வலர் அக்கா. தெரஸ்புரத்துல எந்த ஆம்பளை அவங்ககிட்ட இதைச் சொல்லுவார்? மாத்திரையை வாங்கி அலமாரியில போட்டுடுவார். கணக்குல மருந்து கொடுத்தாச்சு. உள்ளே பிரஷர் 180.

8/ ஹார்பர்ல சுமை தூக்குறவரோ உப்பளத்துல உப்பு வாருறவரோ கடலுக்குப் போறவரோ, பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்தா அந்தக் குடும்பமே விழுந்துடும்.

9/ அதனால என் கருத்து: பிரஷர், சுகருக்கு வர்ற ஒவ்வொரு ஆணிடமும் டாக்டரே, கூட வந்தவங்களை வெளியே அனுப்பிட்டு, ஒரு கேள்வி கேட்கணும். "மாத்திரை ஆரம்பிச்ச பிறகு தாம்பத்தியத்துல ஏதும் மாற்றமா?" அரை நிமிஷம் போதும். ஓ.பி.யில எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அந்த அரை நிமிஷம் கிடைக்கும்.

10/ கூட்டாளி கொடுத்தான்னு சில்டெனாஃபில் போடாதீங்க. நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் எடுக்குறவர் அதையும் போட்டா பிரஷர் சட்டுனு விழுந்து உயிரே போகலாம். லாட்ஜ்ல ரூம் போட்டு விக்கிற லேகியமும் வேண்டாம். 'மூலிகை'ன்னு வித்த இப்படிப்பட்ட சரக்குல சில்டெனாஃபில் கலந்திருந்தது பல நாடுகள்ல பிடிபட்டிருக்கு.

11/ அண்ணாச்சிமாரே, மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. அட்டெனலாலைத் திடீர்னு விட்டா படபடப்பு, நெஞ்சுவலி வரலாம். சாப்பிடுற எல்லா அட்டையையும் கையில எடுத்துட்டு வாங்க. "டாக்டர், தனியா பேசணும்"னு சொல்லுங்க. அது போதும், மீதியை நாங்க கேட்டுக்குவோம்.