உணவுப் பாதுகாப்பில் நமக்கு எத்தனையாவது இடம்?



ஆண்டுதோறும் ஜூன் 7 உலக உணவுப் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவை இந்நாளை அறிவித்தது. தமிழில் 'உணவுப் பாதுகாப்பு' என்ற ஒரே சொல் இரண்டு பொருளில் வழங்குகிறது. அனைவருக்கும் போதிய உணவு கிடைப்பது ஒன்று. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பற்றியது. கிடைக்கும் உணவு நோய் தராததாக இருப்பது மற்றொன்று. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் அதைப் பற்றியது. நாம் இங்கே சிந்திக்க இருப்பது இந்த இரண்டாவதைக் குறித்தே.

இது சிறிய பிரச்சினை அல்ல. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 கோடிப் பேர் மாசுபட்ட உணவால் நோயுறுகின்றனர் என்றும், 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கின்றனர் என்றும், அவர்களுள் 1 இலட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் மதிப்பிட்டது. நம் நாட்டில் இதை எப்படி அளக்கிறோம்?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம், 2018-19ஆம் ஆண்டு முதல் 'மாநில உணவுப் பாதுகாப்புக் குறியீடு' ஒன்றை வெளியிட்டு, மாநிலங்களைத் தரவரிசைப்படுத்தி வருகிறது. தொடக்கத்தில் நூறு மதிப்பெண்கள் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. பணியாளர்களும் நிர்வாக அமைப்பும் 20, சட்டத்தை நடைமுறைப்படுத்துதல் 30, உணவுப் பரிசோதனை வசதியும் கண்காணிப்பும் 20, பயிற்சி 10, நுகர்வோர் விழிப்புணர்வு 20. முந்தைய ஆண்டைவிட அடைந்த முன்னேற்றம் 2022-23இல் ஆறாவது பகுதியாகச் சேர்க்கப்பட்டது.

இதில் தமிழ்நாடு பெருமைப்படத்தக்க இடத்தில் இருந்துவருகிறது. 2021-22இல் பெரிய மாநிலங்களுள் 82 மதிப்பெண் பெற்று முதலிடம், 2022-23இல் மூன்றாமிடம், 2023-24இல் கேரளத்துக்கு அடுத்து இரண்டாமிடம். இதற்காக உழைத்த அலுவலர்களை மனதாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் இதே ஆண்டுகளில் நடந்தவற்றையும் நினைத்துப் பார்ப்போம். 2022 அக்டோபரில் திருப்பூர் மாவட்டத்துச் சிறார் காப்பகம் ஒன்றில், உண்ட உணவால் நோயுற்று மூன்று சிறுவர்கள் இறந்தனர். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட 14 வயது மாணவி இறந்தார். மேலும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நாமக்கல் துயரம் நடந்த அதே 2023-24ஆம் ஆண்டுக்கான தரவரிசையில்தான் நம் மாநிலம் மூன்றாமிடத்திலிருந்து இரண்டாமிடத்துக்கு உயர்ந்தது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஏனெனில் எத்தனை அலுவலர்கள், எத்தனை உரிமங்கள், எத்தனை மாதிரிகள், எத்தனை பயிற்சிகள் என்று இக்குறியீடு எண்ணுகிறது. எத்தனை பேர் உணவால் நோயுற்றார்கள் என்பது அதன் பகுதிகளுள் இல்லை. உழைப்பை அளக்கிறது, பயனை அளக்கவில்லை.

நோயுற்றவர்களை எண்ணாததால் என்ன நேரும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 2025 ஏப்ரலில் திருச்சி உறையூர்ப் பகுதியில் பலர் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துன்புற்றனர். ஒரு சிறுமி உட்படச் சிலர் இறந்தனர். குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்றனர் மக்கள். அதிகாரிகள் தரப்போ கோயில் திருவிழாவில் வழங்கப்பட்ட உணவையும் பானங்களையும் சுட்டியது. குடிநீரா, உணவா என்பது வாதத்தால் தீரக்கூடிய கேள்வி அன்று. யார் யார் எதை உண்டார்கள், எங்கே நீர் பருகினார்கள், எப்போது நோய் தொடங்கியது என்ற பதிவுகளும், நோயாளிகளின் மலப் பரிசோதனையும் உடனுக்குடன் இருந்தால்தான் அதற்கு விடை கிடைக்கும். வாந்தி வந்தால் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, "ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுவது நம் வழக்கம். அந்த நோய் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அப்படியானால் எவற்றை அளக்க வேண்டும்? மூன்றைக் கூறலாம்.

முதலாவதாக, நோயுற்றோர் எண்ணிக்கை. மருத்துவர்கள் தங்கள் பகுதியில் நிகழும் உணவு நஞ்சாதல் அனைத்தையும் தெரிவிக்கவேண்டும் என ஆணையம் அறிவிக்கை வெளியிட, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இடமளிக்கிறது. உணவால் வரும் வயிற்றுப்போக்கை 2030க்குள் 40 விழுக்காடு குறைப்பதை, உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு உத்தி இலக்காக வைத்துள்ளது. எண்ணத் தொடங்காமல் குறைந்ததா என்று எப்படி அறிவது? இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நோய் எண்ணிக்கை கூடினால் மதிப்பெண்ணைக் குறைப்பது என்று வைத்தால், மறைப்பவருக்கே பரிசு கிடைக்கும். எனவே முதல் சில ஆண்டுகளுக்கு, நேர்மையாகத் தெரிவிக்கும் மாவட்டத்துக்கே மதிப்பெண் தரவேண்டும்.

இரண்டாவதாக, மாவட்ட அளவிலான கணக்கு. மாநிலச் சராசரி எதையும் மறைத்துவிடும். காந்தி மார்க்கெட்டிலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் வரை தள்ளுவண்டிகளை நம்பி உண்ணும் கூலித் தொழிலாளர்கள் எத்தனை பேர்! வைகுண்ட ஏகாதசிக்குத் திருவரங்கத்தில் இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். அக்கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடைபெறுகிறது. இத்தகைய ஊருக்குத் தனிக் கணக்கு வேண்டாமா?

மூன்றாவதாக, பரிசோதனையின் வேகம். மாதிரி கிடைத்த 14 நாள்களுக்குள் முடிவைத் தர வேண்டும் என்கிறது சட்டம். நமக்கு அருகிலுள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் தஞ்சாவூரில் உள்ளது. எத்தனை மாதிரிகள் எடுக்கப்பட்டன என்பதோடு, எத்தனைக்கு உரிய நாளுக்குள் முடிவு வந்தது, தவறு கண்ட இடத்தில் மறுமுறை சோதித்தபோது திருந்தியிருந்ததா என்பதையும் மக்கள் அறிய வேண்டும்.

இவை அரசு செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வழிபாட்டுத் தலங்களின் சமையற்கூடங்களுக்குச் சான்றளிக்க 'போக்' என்ற திட்டத்தை ஆணையம் வைத்துள்ளது. இது எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. நம் பங்குகளில் திருவிழா விருந்து சமைக்கிறோம். ஆகஸ்ட் இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகளுக்கு வழிநெடுக உணவு கொடுக்கிறோம். அன்போடு கொடுப்பது மட்டும் உணவைத் தூய்மையாக்கிவிடாது. அதிகாலையில் சமைத்த சோறும் குழம்பும் நண்பகல் வெயிலில் ஆறிக்கிடந்தால் கிருமிகள் பெருகும். சமைத்த இரண்டு மணி நேரத்திற்குள் பரிமாற வேண்டும், அல்லது ஆவி பறக்கும் சூட்டில் வைத்திருக்க வேண்டும். யார் சமைத்தார், தண்ணீர் எங்கிருந்து வந்தது, எத்தனை மணிக்கு இறக்கினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது கடினமன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, விருந்து உண்டவர் நோயுற்றால் மறைக்கக் கூடாது. "கோயில் சாப்பாட்டைக் குறை சொல்லலாமா? ஊர்ப் பெயர் கெட்டுவிடுமே" என்ற தயக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் இருக்கிறது. அந்த மௌனத்தின் விலையை முதலில் கொடுப்பவர்கள் குழந்தைகளும் முதியோரும்தான். மருத்துவரிடம் என்ன உண்டோம் என்று தெளிவாகச் சொல்வோம். தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்புவோம்.

அடுத்த தரவரிசை வெளியாகும்போது நாம் எத்தனையாவது இடம் என்று கேட்பதில் தவறில்லை. அதோடு, நம் மாவட்டத்தில் இந்த ஆண்டு எத்தனை பேர் உண்ட உணவால் நோயுற்றார்கள் என்றும் கேட்போம். விடை கிடைக்கும்வரை கேட்போம்.