சீழ் சொல்லும் சேதி

1977 கலவரத்தில் பெற்றோருடன் வன்னிக்குப் போய், யுத்தம் முடிந்தபின் பதுளைத் தோட்டத்துக்கே திரும்பியவர் அந்த அக்கா. காலில் ஷெல் துண்டு. இடைக்கிடை சீழ். "வடிஞ்சா சரியாயிரும் மிஸ்" என்றார்.

சீழில் பெரும்பங்கு, கிருமியோடு போராடி மடிந்த வெண்குழியங்கள்தான். அவற்றுக்குக் கண் கிடையாது. கிருமிகளும் காயப்பட்ட சதையும் வெளிவிடும் இரசாயனம் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் நகரும். குருதிக்குழாய்ச் சுவரில் உருண்டு, ஒட்டி, இடுக்கால் நுழைந்து வெளியே வரும்.

1882இல் இத்தாலியின் மெசினாவில் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ் நட்சத்திரமீன் குஞ்சொன்றில் முள்ளைக் குத்திவைத்தார். விடிந்து பார்த்தால் முள்ளைச் சுற்றிக் கலங்கள் மொய்த்திருந்தன.

கிருமியை விழுங்கும் கலங்களால் இரும்பை விழுங்க முடியாது. துண்டில் கிருமி ஒட்டியிருந்தால் சீழ் திரும்பத் திரும்ப வரும்.

மறுநாள் பேர் போனாலும் பரவாயில்லையென்று அக்கா என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எக்ஸ்ரேயில் துண்டு ஒன்றல்ல, இரண்டு.