லூயிசாவின் பேச்சை எவரும் திருத்தவில்லை, ஏன்?

சமூக மொழியியல் வகுப்புகளில் இங்கிலாந்தின் வர்க்க வேறுபாட்டை விளக்க நேரும்போதெல்லாம் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகம் துணைக்கு அழைக்கப்படுகிறது. பூ விற்கும் எலைசா ஒலியியல் அறிஞர் ஒருவரிடம் பயின்று தன் உச்சரிப்பை மாற்றிக்கொள்கிறாள். சீமாட்டி என நம்பப்படுகிறாள். இதற்கு நேர்மாறான கதையொன்றை 1976-77 ஆண்டுகளில் பிபிசி ஒளிபரப்பியது. ‘த டச்சஸ் ஆஃப் டியூக் ஸ்ட்ரீட்’ என்னும் அத்தொடரும் அதே வகுப்புகளில் பேசப்பட வேண்டியது.

ஜெம்மா ஜோன்ஸ் நடித்த லூயிசா, பிரபு வீட்டுச் சமையலறையில் உதவியாளாகத் தொடங்கி, லண்டனின் பென்டிங்க் ஹோட்டலுக்கு உரிமையாளராக உயர்கிறாள். ஹகரத்தை விழுங்கும் காக்னி வழக்கு அவளை விட்டு நீங்குவதேயில்லை. பணிப்பெண்ணிடமும் பிரபுவிடமும் அவள் பேச்சு ஒன்றே. ஜெர்மின் தெருவில் கேவண்டிஷ் ஹோட்டலை 1902இல் வாங்கி, 1952இல் இறக்கும்வரை நடத்திய ரோசா லூயிஸின் வாழ்க்கையே இப்பாத்திரத்துக்கு மூலம்.

இதனை வட்டார வழக்கின் வெற்றி எனக் கொண்டாடுவது எளிது. ஆனால் அவளிடம் கேட்கப்பட்டவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வேல்ஸ் இளவரசரின் விருப்பத்துக்கு இணங்க வேண்டியிருந்தது. அதை மறைக்கும் திரையாக, பட்லர் டிராட்டரை மணக்க வேண்டியிருந்தது. பேச்சை மட்டும் எவரும் மாற்றச் சொல்லவில்லை. அக்காலப் பெருவிருந்துகளின் உணவுப் பட்டியல் பிரெஞ்சில் எழுதப்பட்டது. அதன் வழியே கௌரவ மொழி அவள் தொழிலுக்குள் ஏற்கெனவே நுழைந்திருந்தது. மேலும், விருந்தினருக்கு அவளது காக்னி ஒரு சுவையான பொழுதுபோக்கு. விருந்தோம்புபவள் விருந்தினரைப் போலப் பேசினால்தான் அவர்களுக்குச் சங்கடம்.

பிரிட்டனில் 1970களின் தொடக்கத்தில் ஹோவர்ட் ஜைல்ஸ் நடத்திய உச்சரிப்பு மனப்பாங்கு ஆய்வுகள் இங்கே பொருந்துகின்றன. தரநிலை உச்சரிப்பில் பேசியவரைக் கேட்போர் திறமைசாலி என மதிப்பிட்டனர். வட்டார உச்சரிப்பில் பேசியவருக்கு நேர்மையும் நல்லியல்பும் கூடுதலாக வழங்கினர். நல்லவர் என்பர், வல்லவர் என ஒப்ப மாட்டார். லூயிசா தன் வல்லமையை ஒவ்வொரு விருந்திலும் அடுப்பின் முன் நின்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அவள் விருந்தினருக்கு அக்கட்டாயம் இல்லை; அவர்கள் வாய் திறந்தாலே போதும்.

ஆகவே, ஒரு வழக்கு சகித்துக்கொள்ளப்படுகிறதா என்று கேட்பது அரைக் கேள்வியே. எந்த இருக்கையில் அமர்ந்திருக்கும்வரை அது சகித்துக்கொள்ளப்படுகிறது என்பதே முழுக் கேள்வி. தன் உச்சரிப்பை மாற்றியதால் எலைசா எதை இழந்தாள் என்று நெடுங்காலமாக விவாதிக்கிறோம். மாற்றாமலிருக்க லூயிசாவுக்கு அளிக்கப்பட்ட அனுமதியின் எல்லை எது என்பதும் அவ்விவாதத்தில் இடம்பெற வேண்டும். அனுமதியைச் சமத்துவம் எனப் பிழைபடப் புரிந்துகொள்ளும் ஆய்வு, மேல்தட்டின் பெருந்தன்மையையே அளந்து திரும்பும்.