மாணவர் மனநலம்: தாளில் உள்ள உரிமை வளாகத்துக்குள் வரட்டும்

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டில் 13,089 பேர். இவை தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட கணக்குகள். சராசரியாக நாளொன்றுக்கு 35க்கும் மேற்பட்ட இளம் உயிர்கள். ஒவ்வொரு மரணத்தின் பின்னும் “தனிப்பட்ட காரணங்கள்” என்ற விளக்கம் வருகிறது. சில நாட்களில் வளாகம் வழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆண்டுதோறும் 13,000 பேரைப் பறிக்கும் ஒன்றைத் தனிப்பட்ட காரணம் என்று சொல்ல முடியாது. இது சமூகப் பிரச்சனை. ஆகவே அரசியல் பிரச்சனை.

உச்ச நீதிமன்றமும் இதை உணர்ந்திருக்கிறது. உயர்கல்வி நிறுவனங்களில் நிகழும் மாணவர் தற்கொலைகளை ஆராய்ந்து தீர்வு கூற, ஓய்வுபெற்ற நீதிபதி எஸ்.ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை 2025 மார்ச்சில் அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில், விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், மனநலம் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். உதவி எண்களை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் எழுதி வைக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சி தர வேண்டும் என்றும் கட்டளையிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவையை ஒவ்வொருவரின் உரிமையாக ஏற்கெனவே அறிவித்துள்ளது.

உரிமை தாளில் இருக்கிறது. வளாகத்தில் நிலைமை வேறு. ஆலோசகர் இல்லாத கல்லூரிகள் உண்டு. இருக்கும் இடங்களிலும் பல ஆயிரம் மாணவர்களுக்கு ஒருவர் என்ற நிலை. அவரும் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர். கிராமப்புற அரசுப் பள்ளியிலிருந்து வந்த மாணவி தன் துயரை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய கட்டாயமும் பல இடங்களில் உள்ளது. சொன்னது விடுதிக் காப்பாளருக்கும் பெற்றோருக்கும் போய்ச் சேருமோ என்ற அச்சம் வேறு. ஒன்றிய அரசோ தொலைபேசிவழி மனநலத் திட்டத்துக்கு 2023-24 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கிய சுமார் 134 கோடி ரூபாயை அடுத்த ஆண்டே 90 கோடியாகக் குறைத்தது. அக்கறை அறிக்கைகளில் தெரிகிறது. வெட்டு கணக்கில் தெரிகிறது.

இந்நிலையில், ஆலோசனை பெறத் தொடங்குவது எப்படி என்பதை மாணவர்களிடம் தெளிவாக எடுத்துச் சொல்வதும் இயக்கத்தின் கடமையாகிறது. ஆலோசகரிடம் செல்ல நோய் முற்றியிருக்க வேண்டியதில்லை. தூக்கமின்மை, பசியின்மை, இடைவிடாத பதற்றம், எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலே செல்லலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. முதல் சந்திப்பு தேர்வு அல்ல. என்ன நடக்கிறது, எப்போது தொடங்கியது, எது மிகவும் வருத்துகிறது என்று ஆலோசகர் கேட்பார். சொல்ல விரும்பாததைச் சொல்லாமல் இருக்கலாம். அவருடைய கல்வித் தகுதி என்ன, குறிப்புகளை யார் பார்ப்பார்கள், எந்தச் சூழலில் பிறரிடம் தெரிவிப்பார் என்று கேட்க மாணவருக்கு உரிமை உண்டு. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் தவிர, இரகசியம் காப்பது அவரது கடமை. ஒரே சந்திப்பில் பாரம் இறங்கிவிடாது. சில வாரங்கள் ஆகலாம். ஓர் ஆலோசகர் ஒத்துவராவிட்டால் வேறொருவரை நாடலாம். மருந்து தேவையா என்பதை மனநல மருத்துவரே முடிவு செய்வார். கல்லூரியில் வசதி இல்லையென்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மாவட்ட மருத்துவமனையை அணுகலாம். டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண், நாள் முழுவதும் இந்திய மொழிகள் பலவற்றில் கட்டணமின்றி இயங்குகிறது.

ஆனால் ஆலோசனை நீதிக்கு மாற்றாகாது. 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா உயிரிழந்தபோது எழுந்த கேள்விகள் இன்றும் விடையின்றி நிற்கின்றன. உதவித்தொகை மாதக்கணக்கில் வராத மாணவருக்குத் தேவை உதவித்தொகை. சாதியின் பெயரால் அவமதிக்கப்படும் மாணவரிடம் “மனதைத் தேற்றிக்கொள்” என்று மட்டும் சொல்லி அனுப்புவது, குற்றத்தை விட்டுவிட்டுக் காயப்பட்டவரைத் திருத்துவதாகும். கட்டண உயர்வு, கல்விக் கடன், வேலையின்மை ஆகியவற்றை உற்பத்தி செய்யும் கொள்கை அப்படியே இருக்க, யோகா வகுப்புகளால் மாணவர் மனம் அமைதி பெற்றுவிடும் என்று ஆட்சியாளர்கள் கருதுவது ஏமாற்று.

இதன் மறுபக்கத்தையும் தோழர்கள் மறந்துவிடக் கூடாது. மனச்சோர்வை நடுத்தர வர்க்கப் பலவீனமாகவும், போராட்டத்தில் இறங்கினால் தானே தீர்ந்துவிடும் ஒன்றாகவும் பார்க்கும் போக்கு முற்போக்கு இயக்கங்களுக்குள்ளும் உண்டு. எலும்பு முறிந்த தோழரைக் கட்டுப் போடாமல் ஊர்வலத்துக்கு யாரும் அழைப்பதில்லை. மனம் முறிந்தவருக்கும் அதே நியாயம் பொருந்தும். துயரின் வேர் சமூகத்தில் இருக்கிறது என்பதற்காக, அதைச் சுமப்பவர் சமூகம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர் உயிரோடு இருந்தால்தான் அந்த மாற்றத்துக்கான போராட்டத்திலும் இருப்பார்.

ஆகவே பணிகள் இரண்டு. முதலாவது, நிரந்தர ஆலோசகர்கள் போதிய எண்ணிக்கையில் நியமிக்கப்பட வேண்டும். ஆலோசனை மாணவரின் தாய்மொழியில் கிடைக்க வேண்டும். ஆலோசனைப் பிரிவு ஒழுங்கு நடவடிக்கை அதிகாரத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். மேற்பார்வைக் குழுக்களில் மாணவர் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். இவற்றைக் கோரிக்கைகளாக எழுப்ப வேண்டும். உச்ச நீதிமன்றக் கட்டளை நிறைவேறியதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே ஒவ்வொரு வளாகத்திலும் கேட்க வேண்டும். இரண்டாவது, மாணவர் அமைப்புகளின் அன்றாடப் பணியில் இது இடம்பெற வேண்டும். முதலாண்டு மாணவர்களிடம் கட்டண விவரம் சொல்லும்போதே 14416 என்ற எண்ணையும் சொல்லலாம். தனியே போகத் தயங்கும் மாணவருடன் ஆலோசகர் அறை வாசல்வரை ஒரு தோழர் உடன் செல்லலாம். கோரிக்கை வெல்லச் சில ஆண்டுகள் ஆகலாம். உடன் செல்வதை இன்றே தொடங்கலாம்.