பழுது செல்ஃபில் இல்லை

பழுதுபார்ப்புக் குறியீடு குறித்து மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025 மே மாதம் தன் அறிக்கையை அளித்தது. பொருளைப் பிரிப்பது எளிதா, உதிரிபாகம் நியாயமான காலத்தில் நியாயமான விலைக்குக் கிடைக்கிறதா, பழுதுபார்க்கும் தகவல் வெளியே கிடைக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் தர வேண்டும் என்பது அதன் சாரம். கொள்கையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அது மொபைல் போனோடும் மின்னணுச் சாதனங்களோடும் நின்றுவிட்டது. பழுதுபார்க்கும் உரிமைக்காக இதே துறை 2022 ஜூலையில் குழு அமைத்தபோது குறிப்பிட்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. அன்று பட்டியலில் இருந்த கார், மதிப்பெண் போடும் நேரத்தில் விடுபட்டது ஏன்? காரையும் தாமதமின்றிக் குறியீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே இந்த இதழின் நிலைப்பாடு.

‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்று வரும் ஒரு வண்டியே இதற்குப் போதிய சான்று. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுகிறது. ஸ்டார்ட் கொடுக்கும்போதும் 9.6-க்குக் கீழே விழவில்லை. பாசிட்டிவ் பக்க வோல்டேஜ் டிராப் 0.5-க்குள்ளும், எர்த் பக்கம் 0.2-க்குள்ளும் இருக்கின்றன. டெர்மினல் 50-இல் முழு வோல்டேஜ் வந்தும் சாலினாய்டு இழுக்கவில்லை என்றால் கோளாறு சாலினாய்டில். அது இழுத்து, மோட்டார் முனைவரை மின்சாரம் போயும் சுற்றவில்லை என்றால் கார்பன் பிரஷ் அல்லது ஆர்மேச்சர். மோட்டார் சுற்றியும் என்ஜின் சுற்றவில்லை என்றால் பென்டிக்ஸ், அல்லது ஃப்ளைவீல் ரிங் கியர். மல்டிமீட்டரும் நிதானமும் உள்ள எந்த எலக்ட்ரீஷியனும் இதுவரை யாரையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

டெர்மினல் 50-இல் வோல்டேஜே வரவில்லை என்றால்தான் சிக்கல். புஷ் பட்டன் வண்டியில் சாவியின் அடையாளம், இம்மொபிலைசரின் அனுமதி, பிரேக் அல்லது கிளட்ச் சுவிட்ச், கியர் நிலை எல்லாம் சரியாக இருந்தால்தான் ஸ்டார்ட்டர் ரிலேக்கு உத்தரவு போகும். இவற்றில் எது மறுக்கிறது என்பதை வண்டியின் கணினி அறியும், நமக்குச் சொல்லாது. பொது ஓபிடி ஸ்கேனர் புகை தொடர்பான தகவலை மட்டுமே படிக்கும். பாடி கன்ட்ரோல் மாட்யூலையும் இம்மொபிலைசரையும் படிக்க நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். பின் வரிசைக்கும் வயரிங் படத்துக்கும் அவர்களுடைய கணக்கு வேண்டும். இவை கையில் இல்லாதபோது ஊகமே மிஞ்சுகிறது. ஊகத்தின் முதல் பலி நல்ல நிலையில் இருக்கும் செல்ஃப் மோட்டார். கழற்றி மாற்றியும் வண்டி எடுக்காதபோது வாடிக்கையாளர் பணத்தை இழக்கிறார், நாம் பெயரை இழக்கிறோம். தகவலைப் பூட்டி வைத்தவருக்கு மட்டும் எந்த நஷ்டமும் இல்லை; அந்த வண்டி கடைசியில் அவருடைய சர்வீஸ் சென்டருக்கே போகிறது.

இந்த இதழ் நெடுங்காலமாகப் பேசிவரும் சைல்டு பார்ட்ஸ் பிரச்சினையும் இங்கேதான் வந்து சேர்கிறது. தேய்ந்தது ஒரு பிரஷ் செட், அல்லது ஒரு புஷ். கவுன்டரில் கேட்டால் முழு அசெம்பிளிதான் என்கிறார்கள். இதற்கு மருந்து 2014 ஆகஸ்ட் 25 அன்றே எழுதப்பட்டுவிட்டது. இந்தியப் போட்டி ஆணையம் அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் சோதனைக் கருவிகளும் தனியார் ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்க வேண்டும், வெளியே வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரன்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் ஆணையிட்டது. அதன்பின் மேல்முறையீடு, வழக்கு என்று ஆண்டுகள் ஓடின. ஆணை நம் கடை வாசலுக்கு வந்து சேரவில்லை. பத்தாண்டு கழித்தும் நாம் அதே பிரஷ் செட்டைக் கேட்டு நிற்கிறோம். ஆணை போட்டவர்கள் அது நடைமுறைக்கு வந்ததா என்று திரும்பிப் பார்க்கவில்லை. குழு அமைத்தவர்கள் இந்தத் தொழிலை மறந்தே போனார்கள். வரியும் உரிமக் கட்டணமும் வாங்கும்போது மட்டும் நம் முகவரி அரசுக்குத் தவறாமல் தெரிகிறது.

இம்மொபிலைசர் தகவலைத் திறந்துவிட்டால் கார் திருட்டு பெருகும் என்பார்கள். கவலை நியாயமானது, அதற்கு ஏற்ற வழி ஆளைச் சரிபார்ப்பது. ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்பு தொடர்பான தகவலுக்குத் தனியார் மெக்கானிக்குகளைச் சோதித்து அங்கீகாரம் வழங்குகிறது. அதே வேளையில், பதிவும் கட்டணச் சந்தாவும் கேட்டு ஓபிடி வழியை மறித்த ஒரு நிறுவனத்தின் வழக்கில், சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை விதிக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 அக்டோபர் 5 அன்று தீர்ப்பளித்தது. பாதுகாப்பும் திறந்த தகவலும் சேர்ந்து இயலும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ரீகண்டிஷன் செய்த செல்ஃப் தரமற்றது என்பது இன்னொரு வாதம். போலி பிரஷ்ஷும் மட்டமான பென்டிக்ஸும் சந்தையில் உலவுவது உண்மை. அசல் சைல்டு பார்ட்ஸை மறுப்பதுதான் அவற்றுக்குச் சந்தையைத் திறந்துவிடுகிறது. தரம் வேண்டுமென்றால் அசலை விற்கட்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. காருக்கும் பழுதுபார்ப்புக் குறியீடு வர வேண்டும். ஸ்டார்ட் ஆவதை எது தடுக்கிறது என்ற தகவலும், அந்தச் சர்க்யூட்டின் வயரிங் படமும், சைல்டு பார்ட்ஸும் அதன் அளவுகோல்களில் இடம்பெற வேண்டும். தயாரிப்பாளரே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளும் முறையை ஏற்க முடியாது. மதிப்பிடும் இடத்தில் தனியார் மெக்கானிக்கும் அமர வேண்டும். வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறோம். டெர்மினல் 50-ஐ அளக்காமல் எந்தச் செல்ஃபையும் கழற்றாதீர்கள். அளந்த வோல்டேஜையும், கேட்டும் கிடைக்காத தகவலையும், மறுக்கப்பட்ட பாகத்தையும் ஜாப் கார்டில் தேதியோடு எழுதி வையுங்கள். நுகர்வோர் விவகாரத் துறையின் முன் நாம் வைக்கப்போகும் சாட்சியம் அதுதான்.